அழைப்பிதழிலும் அடிக்கல்லிலும் சபைப் பெயர், பதவிப் பெயர் எழுதுவது எப்படி? குமரி மாவட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. தை பிறந்தால் கல்யாண அழைப்பிதழ்கள் குவியும். மற்ற நாட்களில் திருவிழா நோட்டீஸ், சபையின் நூற்றாண்டு மலர், அடிக்கல்லில் செதுக்க வேண்டிய வாசகம் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: “ஆங்கிலத்தில் பிஷப் என்று எழுதும்போது முதலெழுத்தைப் பெரிதாகப் போட்டால் மரியாதை வந்துவிடுகிறது. தமிழில் எதை அண்ணாச்சி பெரிதாக்குவது?”

நல்ல கேள்விதான். தமிழில் எழுத்து பெரிதாவதில்லை. அந்த வேலையைச் சொல்லும், சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளியும், ஒற்றும், பெயருக்கு முன்பின் வரும் வரிசையும் பங்கிட்டுக்கொள்கின்றன. நம் மாவட்டத்தில் ஒரே தெருவில் நான்கு வகைக் கிறிஸ்தவ ஆலயங்களும், அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழியினரின் வழிபாட்டு இடமான நிழல்தாங்கல் ஒன்றும் இருக்கலாம். ஒரு வீட்டுக்குச் சரியான சொல் அடுத்த வீட்டுக்குத் தவறாகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எல்லாருக்கும் ஒரே அச்சு வார்த்தால் கல்யாண வீட்டில் முகம் சுளிப்பார்கள்; கல்வெட்டாக இருந்தால் நூறு வருடம் சுளிப்பார்கள்.

முதல் படி: எந்தச் சபை என்று கேளுங்கள்

“கிறிஸ்தவக் கல்யாணம்” என்பது போதாது. இங்கே அது குறைந்தது ஏழெட்டு வகை. கத்தோலிக்கரிலேயே மூன்று வழிபாட்டு முறையினர் இருக்கிறார்கள். லத்தீன் முறையினருக்குக் கோட்டாறு மறைமாவட்டம் 1930இல் உருவானது. அதிலிருந்து மேற்குப் பகுதியைப் பிரித்துக் குழித்துறை மறைமாவட்டத்தை 2014இல் அமைத்தார்கள். சீரோ மலபார் முறைக்குத் தக்கலை, சீரோ மலங்கரா முறைக்கு மார்த்தாண்டம். இவ்விரண்டும் 1996இல் வந்தவை. சீர்திருத்தச் சபைகளில் பெரியது சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபை. பிறகு இரட்சணிய சேனை, லுத்தரன் திருச்சபை, பெந்தெகொஸ்தே சபைகள்.

கோட்டாறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைப் பலகையில் கோட்டார் என்று இருக்கும், வாயிலும் அப்படித்தான் வரும். மறைமாவட்டத்தின் பெயரோ கோட்டாறு. பெயர்ச்சொல் என்றால் அதற்கு உரியவர் எழுதுகிறபடிதான் எழுத வேண்டும். அவர்களுடைய கடிதத் தாளின் தலைப்பை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இலக்கணப் புத்தகத்தைவிட அது விரைவாகத் தீர்த்துவைக்கும்.

இரண்டாம் படி: திருச்சபையா, சபையா, ஆலயமா?

ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் சர்ச் என்ற ஒரே சொல். உலகளாவிய அமைப்பையும், ஒரு குறிப்பிட்ட சபைப் பிரிவின் முழுப்பெயரையும் குறிக்கும்போது முதலெழுத்தைப் பெரிதாக்குகிறார்கள். வெறும் கட்டடமானால் சிறிதாக்குகிறார்கள். நமக்கு அந்தச் சங்கடம் இல்லை, தனித்தனிச் சொல்லே இருக்கிறது. அமைப்பு முழுவதும் திருச்சபை. ஓர் ஊரில் கூடும் மக்கள் சபை. கட்டடம் ஆலயம். “புதிய திருச்சபை திறப்பு விழா” என்று ஒரு நோட்டீஸ் வந்தது. கட்டடத்தைத் திறக்கிறார்களா, புதிதாக ஒரு சபைப் பிரிவையே தொடங்குகிறார்களா? ஆலயத் திறப்பு விழா, அல்லது அவர்கள் வழக்கப்படி பிரதிஷ்டை விழா, அல்லது அர்ச்சிப்பு விழா. சி.எஸ்.ஐ. மக்கள் பிரதிஷ்டை என்பார்கள். கத்தோலிக்கர் அர்ச்சிப்பு என்பார்கள். மாற்றிப் போட்டால் உடனே கண்ணில் படும்.

நிர்வாகப் பிரிவுகளிலும் இதே கதை. கத்தோலிக்கருக்குப் பங்கு, மறைவட்டம், மறைமாவட்டம். சி.எஸ்.ஐ.க்குச் சபை, சேகரம், பேராயம். திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ.யில் திருமண்டலம் என்பார்கள், இங்கே பேராயம். வள்ளியூரிலிருந்து பெண் எடுக்கும் வீட்டு அழைப்பிதழில் இரண்டும் அடுத்தடுத்து வரலாம். இரண்டும் சரிதான், “ஒரே மாதிரி ஆக்குகிறேன்” என்று கைவைக்காதீர்கள்.

கத்தோலிக் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்து பெரிதாக இருந்தால் ரோமைச் சார்ந்த திருச்சபை. சிறிதாக இருந்தால் பொதுவான, எல்லாருக்கும் உரிய என்று பொருள். விசுவாச அறிக்கையில் இந்தச் சொல் வரும் இடத்தில் நம் ஊர்க் கத்தோலிக்கர் கத்தோலிக்கத் திருச்சபை என்றே சொல்கிறார்கள். சீர்திருத்தச் சபையார் பொதுவான சபை என்கிறார்கள். ஆங்கிலேயர் ஓர் எழுத்தின் உயரத்தில் வைத்த வேறுபாட்டை நாம் சொல்லிலேயே வைத்துவிட்டோம்.

புனித, தூய, பரிசுத்த மூன்றும் பொருளில் ஒன்றே. ஆலயத்தின் பெயர்ப் பலகையில் எது இருக்கிறதோ அதுவே பெயர். பழைய கத்தோலிக்கக் கல்வெட்டுகளில் “அர்ச். சவேரியார்” என்று பார்க்கலாம். அர்ச்சியசிஷ்ட என்பதன் சுருக்கம் அது. நூற்றாண்டு மலரில் பழைய கல்வெட்டை எடுத்து எழுதும்போது அதைப் புனித என்று திருத்த வேண்டாம்.

மூன்றாம் படி: பெயருக்கு முன் வரும் அடைமொழி

இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அருள் என்ற சொல்லோடு பணி சேர்ந்தால் அருட்பணி. இதில் சண்டையே இல்லை. அருளோடு திரு சேரும்போது இலக்கண விதிப்படி அருட்டிரு ஆக வேண்டும்; தந்தை சேர்ந்தால் அருட்டந்தை. விதி சரிதான், ஆனால் அருட்டந்தை என்று அச்சடித்துக் கொடுத்தால் பங்குத்தந்தையே எழுத்துப் பிழை என்று திருப்பி அனுப்புவார். அதனால் புணர்த்தாமல் அருள்திரு, அருள்தந்தை என்று எழுதுவதே என் வழக்கம். பாதி புணர்த்திப் பாதி விட்ட அருட்திரு, அருட்தந்தை என்ற வடிவங்கள் எங்கும் பரவிவிட்டன. ஒரு சபை தன் கடிதத் தாளிலேயே அப்படி வைத்திருந்தால் மல்லுக்கு நிற்கமாட்டேன். ஆனால் ஒரே தாளில் மேலே அருள்திருவும் கீழே அருட்திருவும் வந்தால் விடமாட்டேன்.

அடுத்தது புள்ளி. சுருக்கத்துக்குத்தான் புள்ளி. அருட்பணி முழுச்சொல், திரு முழுச்சொல், அவற்றின் பின்னால் புள்ளி எதற்கு? ஆங்கிலத்தில் ரெவரெண்ட் என்பதைச் சுருக்கிப் புள்ளி வைத்ததைப் பார்த்து நம்மவர்களும் வைக்க ஆரம்பித்தார்கள். சி.எஸ்.ஐ., இ.ஆ.ப. போன்ற எழுத்துச் சுருக்கங்களுக்குப் புள்ளி வேண்டும்.

மூன்றாவது, அடுக்கு. “உயர்திரு மேதகு ஆயர் டாக்டர்” என்று தொடங்கி “அவர்கள்” என்று முடிக்கும்போது நடுவில் இருக்கும் மனிதரின் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. மதிப்பு அடைமொழி ஒன்று, பதவி ஒன்று, பட்டம் இருந்தால் ஒன்று, பெயர், அவர்கள். இதற்குமேல் ஒரு சொல்கூட வேண்டாம். அவர்கள் என்று போட்டால் வினைமுற்றும் அதற்கேற்ப “வழங்குகிறார்கள்” என்று முடிய வேண்டும்; பாதி அழைப்பிதழ்களில் “வழங்குகிறார்” என்று முடிகிறது.

முனைவர் என்றால் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர், மருத்துவர் என்றால் வைத்தியம் பார்ப்பவர். டாக்டர் என்று போட்டு இருவரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள்.

பழைய சபை வரலாறுகளில் ஐயர் என்ற சொல் வரும். 1806இல் மயிலாடிக்கு வந்த லண்டன் மிஷன் தொண்டர் ரிங்கல்தௌபேயையும், அவருக்குப் பின் நாகர்கோவிலை மையமாகக் கொண்டு பணியாற்றிய சார்லஸ் மீட் என்பவரையும் மக்கள் ஐயர் என்றே அழைத்தார்கள். சாதிப் பெயர் என்று நினைத்து அதை நீக்கிய ஒரு மலர் ஆசிரியரை எனக்குத் தெரியும். அது அந்தக் காலத்து மரியாதைச் சொல், இருக்கட்டும். மேற்கே விளவங்கோட்டுப் பக்கம் குருவை அச்சன் என்று அழைப்பார்கள். பேச்சுக்கு அது அழகு. அழைப்பிதழில் அருட்பணி என்றே போடலாம்.

நான்காம் படி: பேராயர் என்ற பொறி

இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். தமிழிலும் பெரிய எழுத்து உண்டு, மார்க்கர் பேனா இருந்தால்.

கத்தோலிக்கருக்கு ஒரு மறைமாவட்டத்தின் தலைவர் ஆயர். உயர்மறைமாவட்டத்தின் தலைவர் பேராயர், அதாவது ஆங்கிலத்தில் ஆர்ச்பிஷப். சி.எஸ்.ஐ.யிலோ ஒரு பேராயத்தின் தலைவர் பேராயர். ஆங்கிலத்தில் அவர் பிஷப் மட்டுமே. அங்கே ஆர்ச்பிஷப் என்ற பதவியே கிடையாது. எல்லாப் பேராயங்களுக்கும் மேலே இருப்பவரை ஆங்கிலத்தில் மாடரேட்டர் என்றும் தமிழில் பிரதமப் பேராயர் என்றும் சொல்கிறார்கள்.

ஒருமுறை சி.எஸ்.ஐ. ஆலயம் ஒன்றின் அடிக்கல் வாசகம் தமிழில் சரியாக வந்திருந்தது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் யாரோ அகராதியைப் பார்த்து ஆர்ச்பிஷப் என்று மொழிபெயர்த்திருந்தார்கள். நல்லவேளை, காகிதத்தில் இருக்கும்போதே கண்ணில் பட்டது. இதன் மறுபக்கமும் நடக்கும். ஒரே மேடையில் கத்தோலிக்க ஆயரும் சி.எஸ்.ஐ. பேராயரும் வரும் சர்வசமய விழா நோட்டீஸில், “இவர் மட்டும் பேராயரா, அவரையும் பேராயர் ஆக்கு” என்று ஏற்பாட்டாளர் சமத்துவம் பேசுவார். ஆக்கக் கூடாது. அவரவர் வீட்டில் அவரவர் பெயர்.

லுத்தரன் சபையிலும் பார்த்து நடக்க வேண்டும். நாகர்கோவிலில் கன்கார்டியா இறையியல் கல்லூரியை நடத்தும் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்குத் தலைவர் உண்டு, பேராயர் இல்லை. தரங்கம்பாடிப் பாரம்பரியத்தில் வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்குப் பேராயர் உண்டு. லுத்தரன் என்ற ஒரு சொல்லைப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள்.

மார் என்ற சொல்லுக்கும் இடம் உண்டு. சிரியாக் மொழியில் “என் தலைவர்” என்பது போன்ற பொருள். கேரள மரபில் வந்த இரு திருச்சபைகளும் ஆயர்களுக்கு இதைப் பயன்படுத்துகின்றன, ஆனால் வைக்கும் இடம் வேறு. சீரோ மலபாரில் பெயருக்கு முன்னால் வரும்: தக்கலையின் முதல் ஆயர் மார் ஜார்ஜ் ஆலஞ்சேரி. மலங்கராவில் பெயரின் நடுவே வரும்: மார்த்தாண்டம் ஆயராக 2010இல் பொறுப்பேற்ற வின்சென்ட் மார் பவுலோஸ் என்ற பெயரை நினைவில் வையுங்கள். வின்சென்ட் முதற்பெயர், பவுலோஸ் ஆயர் ஆகும்போது ஏற்கும் பெயர், நடுவில் மார். அதைத் தூக்கி முன்னால் வைத்து “மார் வின்சென்ட் பவுலோஸ்” என்று ‘திருத்தியவன்’ நானே. தொலைபேசியில் எனக்குப் பாடம் நடந்தது.

ஐந்தாம் படி: சேனைக்காரர்கள்

இரட்சணிய சேனையில் போதகர்களுக்கு ராணுவப் பதவிப் பெயர்தான். கேப்டன், மேஜர், கர்னல், கமிஷனர். உலகத் தலைவர் ஜெனரல், தலைமையகம் லண்டன். வடசேரியை அடுத்த கேதரின் பூத் மருத்துவமனை அவர்களுடையதுதான். எங்கள் தட்டச்சர் ஒருவர் பெண்ணின் தகப்பனார் பெயருக்கு முன் மேஜர் என்று பார்த்ததும், கீழே “முன்னாள் இந்திய ராணுவம்” என்று தாமாகவே சேர்த்துவிட்டார். மெய்ப்பு வாங்க வந்த பெரியவர் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு முறை படித்தார். “தம்பி, நான் துப்பாக்கியைத் தொட்டவனில்லை. டிரம் அடித்தவன்” என்றார்.

சேனையில் பெரும்பாலும் கணவன் மனைவி இருவருமே அதிகாரிகளாக இருப்பார்கள். அப்போது மேஜர் என்பதை இருவர் பெயருக்கு முன்னும் போட வேண்டும். “மேஜர் திருமதி” என்று மனைவியைப் பின்னால் தொங்கவிடும் பழக்கத்தை விட்டுவிடலாம். அவர்களுடைய ஆங்கிலப் பெயரில் முன்னால் வரும் “தி” என்ற சொல்லும் பெயரின் பகுதிதான். வாக்கியத்தின் நடுவில் வந்தாலும் அதன் முதலெழுத்தை அவர்கள் பெரிதாகவே எழுதுகிறார்கள்.

ஆறாம் படி: அய்யாவழி, கோயில், பள்ளிவாசல்

அய்யாவழி ஒரே சொல். அய்யா வழி என்று பிரித்தால் யாரோ ஓர் ஐயா போன பாதை ஆகிவிடும். இடைவெளி இல்லாமல் எழுதுவதே இங்கே பெரிய எழுத்தின் வேலையைச் செய்கிறது. ஐயாவழி என்று எழுதுவதும் வேண்டாம், அவர்கள் அகரத்தில் தொடங்கித்தான் எழுதுகிறார்கள். சுவாமித்தோப்பில் இருப்பது தலைமைப்பதி. ஊர்தோறும் இருப்பவை நிழல்தாங்கல். கோயில் என்று பொதுப்பெயர் போட்டுவிட்டால் பதிக்கும் தாங்கலுக்கும் உள்ள வேறுபாடே போய்விடும். அங்கே பூஜை இல்லை, பணிவிடை. அர்ச்சகர் இல்லை, பணிவிடையாளர்.

கோயில் நோட்டீஸில் திருவிதாங்கூர் மரபு நினைவில் இருக்கட்டும். திருவட்டாறு போன்ற இடங்களில் தந்திரி (சடங்கு முறைகளில் முடிவு சொல்பவர்), மேல்சாந்தி (அன்றாடப் பூஜைக்குப் பொறுப்பானவர்) என்று வரும். அவற்றைத் தமிழாக்குகிறேன் என்று தலைமை அர்ச்சகர் ஆக்கினால் இரண்டு வேறு பொறுப்புகள் ஒன்றாகிவிடும். சுசீந்திரத்தில் தாணுமாலயன், ஒரே சொல். பள்ளிவாசல் நோட்டீஸில் இமாம், மௌலவி, ஹாஜி மூன்றும் மூன்று பொருள்: தொழுகை நடத்துபவர், மார்க்கக் கல்வி முடித்தவர், ஹஜ் சென்று வந்தவர். ஒருவருக்கே மூன்றும் பொருந்தலாம், கேட்டுப் போடுங்கள்.

ஏழாம் படி: தேதியோடு மாறும் பட்டங்கள்

மலர் தயாரிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்ட வேண்டாம். பட்டம் மனிதரோடு பிறப்பதில்லை, ஒரு நாளில் வந்து சேருகிறது.

நட்டாலத்தில் பிறந்து 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் கொல்லப்பட்ட தேவசகாயத்தை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது. 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதர் ஆனார். இன்றைக்கு எழுதும் வாக்கியத்தில் புனித தேவசகாயம். 2015இல் நடந்த ஒரு விழாவின் நோட்டீஸை மேற்கோளாக எடுத்தால் அதில் இருந்தபடியே விடுங்கள். பிள்ளை என்ற சாதிப் பின்னொட்டைப் புனிதர் பட்ட அறிவிப்பில் வத்திக்கான் விட்டுவிட்டது. அதை இன்னும் பழக்க தோஷத்தில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இன்றைய நோட்டீஸில் சேர்க்க வேண்டியதில்லை.

சபைப் பெயருக்கும் இது பொருந்தும். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்றுதான் பிறந்தது, கன்னியாகுமரிப் பேராயம் 1959இல். 1930இல் ஒரு சபையில் இருந்தவரைச் சி.எஸ்.ஐ. போதகர் என்று எழுதும் மலர் தவறாமல் மாதம் ஒன்று வருகிறது. மாவட்டமும் அப்படித்தான். 1956 நவம்பர் 1க்கு முன் இங்கே கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் என்று யாரும் இல்லை; நாம் முதலில் திருவிதாங்கூரிலும், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தோம். நாகர்கோவில் மேயர் என்பதும் 2019இல் மாநகராட்சி ஆன பிறகுதான், அதற்கு முன் நகர்மன்றத் தலைவர்.

எட்டாம் படி: அரசுப் பதவிகள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அரசாணைத் தமிழ் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது. அமைச்சர்களுக்கு மாண்புமிகு, நீதிபதிகளுக்கு மாண்பமை. மாவட்ட ஆட்சியர், மாவட்ட ஆட்சித் தலைவர் இரண்டும் வழக்கில் உள்ளன, ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோட்டாட்சியர், வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர் ஆகியவை அலுவலகப் பலகையில் இருப்பதுபோல். ஆட்சிப் பணியாளர் பெயருக்குப் பின் இ.ஆ.ப., காவல் பணியாளர் பெயருக்குப் பின் இ.கா.ப., இரண்டுக்கும் முன் காற்புள்ளி.

பத்மஸ்ரீ போன்ற விருதுகளைப் பெயருக்கு முன் பட்டமாகப் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. விருது பெற்றவர் வந்தால் பெயருக்குக் கீழே தனி வரியில் “பத்மஸ்ரீ விருது பெற்றவர்” என்று தகவலாகப் போடுவேன். சில வீட்டார் ஒத்துக்கொள்வதில்லை.

ஒன்பதாம் படி: ஆங்கிலப் பக்கம்

அழைப்பிதழின் மறுபக்கம் ஆங்கிலத்தில் இருந்தால்தான் பெரிய எழுத்து, சிறிய எழுத்துக் கேள்வி வரும். பதவி பெயரோடு ஒட்டி முன்னால் வந்தால் முதலெழுத்து பெரிது. பெயரில்லாமல் பொதுவாக “ஆயர் வந்தார்” என்ற பொருளில் வந்தால் சிறிது. சபைப் பிரிவின் பெயர் எங்கே வந்தாலும் பெரிது: கத்தோலிக், லுத்தரன், பெந்தெகொஸ்தல், இந்து, முஸ்லிம். பைபிள் என்ற நூற்பெயர் பெரிது, அதிலிருந்து வரும் பிப்ளிக்கல் என்ற அடைச்சொல் சிறிது. கடவுள் ஒருவரைக் குறிக்கும் காட் பெரிது, தெய்வங்கள் என்று பன்மையில் வந்தால் சிறிது. ஆலயத்தின் பெயரில் சர்ச் என்பது பெயரின் பகுதியாக இருந்தால் பெரிது. நாகர்கோவில் ஹோம் சர்ச் என்பதில் இரண்டு சொல்லுக்கும் பெரிய எழுத்து. “ஊர்க்கோடியில் ஒரு சர்ச் இருக்கிறது” என்றால் சிறிது.

அரசுப் பதவிகளில் ஆங்கிலப் பத்திரிகைகளே ஒத்துப்போவதில்லை. அழைப்பிதழ் பத்திரிகை அல்ல. சிறப்பு விருந்தினர் பட்டியலில் எல்லாப் பதவிக்கும் முதலெழுத்தைப் பெரிதாக்கிவிடுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள். முழு அழைப்பிதழையும் பெரிய எழுத்திலேயே அடித்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது என்று எங்கள் முதலாளி சொல்வார். படிக்கவும் முடியாது என்பதை நான் சொல்வதில்லை.

கடைசிப் படி: உளி படுவதற்கு முன்

காகிதம் என்றால், மெய்ப்பை வீட்டாருக்கு மட்டும் அனுப்பாமல் பங்கு அலுவலகத்துக்கோ சேகர அலுவலகத்துக்கோ ஒரு படி அனுப்புங்கள். வீட்டார் தங்கள் பெயரையும் முகூர்த்த நேரத்தையும் மட்டுமே பார்ப்பார்கள். தொலைபேசியில் தலைப்பெழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேளுங்கள். ‘எம்’ என்ற எழுத்தும் ‘என்’ என்ற எழுத்தும் காதில் ஒன்றுபோல் விழும்.

கல் என்றால் கல் செதுக்கும் பட்டறைகள் இருக்கும் மயிலாடிக்கு நேரில் போய்விடுங்கள். பட்டறையில் கல்லின் மேல் வாசகத்தை முதலில் வரைந்து வைத்திருப்பார்கள். அந்த நிலையில் ஓர் எழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மாற்றி எழுத ஒரு நிமிடம் போதும். நான் வலமிருந்து இடமாக ஒரு முறை படிப்பேன், பழக்கப்பட்ட சொல்லைக் கண் தாண்டிப் போகாமல் இருக்க. கடந்த மாதம் அப்படிப் படித்தபோது “பேராயர்” என்ற சொல்லில் ஈற்று ர் மேல் புள்ளி இல்லை. ஆசாரி சுண்ணக்கட்டியை எடுத்து ஒரு புள்ளி வைத்தார், பிறகு உளியை எடுத்தார்.